மரத்துக்கு வாங்கிய பீஸ்

செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருந்த அந்த வக்கீல் வீட்டு வாசலில் எப்போதும் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள். உள்ளே போனவர் வெளியே வந்ததும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். என்ன கேஸ், எதிராளி யார், வக்கீல் என்ன சொன்னார் என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். கேள்வி ஒன்றுதான்.

"வாங்கினாரா?"

வாங்கினார் என்றால் கேஸில் உயிர் இருக்கிறது. வாங்கவில்லை என்றால் ஊருக்குப் போய் ஆக வேண்டியதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எழுபதுகளில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், எங்கள் புதுப்பட்டினம் வரைக்கும் இதுதான் பேச்சு.

பீஸ் விஷயத்தில் அவர் ஒரு கல். அவருக்கு மேலே பெரிய வக்கீல் யாரும் கிடையாது, கீழே ஜூனியர் கிடையாது, கூட்டாளியும் கிடையாது. ஒரு குமாஸ்தா மட்டும் இருந்தார். வந்தவர் சொல்வதை முழுவதும் கேட்பார். நடுவில் வாயே திறக்க மாட்டார். கேட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி தொகையைச் சொல்வார்.

"நூத்தியம்பது ரூபா. மனு போடறதுலேர்ந்து தீர்ப்பு வரைக்கும். ஸ்டாம்பு செலவு தனி. இன்னிக்குக் குடுத்தா இன்னிக்கே பேனாவ எடுப்பேன்."

குறைக்க மாட்டார். பாதி இப்போது, பாதி அப்புறம் என்பதும் கிடையாது. எங்கள் கடற்கரை ஆட்கள் வஞ்சிரம் மீனைத் தென்னங்கீற்றில் சுற்றி எடுத்துப் போவார்கள். உள்நாட்டுக் குடியானவர்கள் அரிசி மூட்டையோடு போவார்கள். "மீனுக்கு வாதாட எனக்குத் தெரியாதுப்பா" என்று அதே கீற்றோடு திருப்பி அனுப்புவார்.

மற்ற வக்கீல்கள் சொத்து எவ்வளவு பெறும் என்று கேட்டுவிட்டுத்தான் பீஸ் சொல்வார்கள். இவர் அதைக் கேட்கவே மாட்டார். "பத்து ஏக்கருக்கும் பத்து சென்டுக்கும் நான் எழுதறது அதே பேப்பருதான்" என்பார். ஒருமுறை ஜெயித்த கட்சிக்காரர் ஒருவர் சந்தோஷத்தில் தட்டில் பழமும் பணமும் வைத்து நீட்டினாராம். "ஜெயிச்சதுக்குத் தனி பீஸ் கிடையாது. தோத்திருந்தா வாங்கினத நான் திருப்பிக் குடுத்திருப்பனா?" என்று கேட்டுவிட்டு, பழத்தை மட்டும் குமாஸ்தா பக்கம் தள்ளினாராம்.

இதையெல்லாம் அவருடைய குமாஸ்தாதான் எனக்குச் சொன்னார். நான் அந்த வாசலில் போய் நின்ற கதையைச் சொல்கிறேன்.

என் கணவர் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். நான் புதுப்பட்டினத்துக்கு என்னைப் பெற்ற அத்தா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். அம்மா அதற்கு முன்பே இல்லை. அத்தாவுக்குக் கடலை ஒட்டிக் கொஞ்சம் மணல் பூமி இருந்தது. வீடும் அதிலேயேதான். என் கல்யாணத்துக்காக மண்டிக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கியபோது அந்த மண்ணை எழுதிக் கொடுத்திருந்தார். அடமானம் என்று நினைத்துத்தான் கைநாட்டு வைத்தார். எழுதியிருந்தது கிரயம். கடனை அடைத்ததும் திருப்பி எழுதித் தருவதாக மண்டிக்காரர் வாயால் சொன்னதோடு சரி. வருஷக்கணக்கில் நாங்கள்தான் அங்கே இருந்தோம். பக்கத்தில் உத்தியோகஸ்தர்கள் வந்து குடியேறி மண்ணுக்கு விலை ஏறியதும், மண்டிக்காரர் காலி செய்யச் சொல்லிக் கேஸ் போட்டார்.

அப்போது அத்தா வேறொரு வக்கீலைப் பிடித்தார். அந்த மனிதர் பைசா கேட்கவில்லை. "கேஸு முடியட்டும் பாய், மண்ணுல மூணுல ஒரு பங்கு எனக்குக் குடுங்க, போதும்" என்றார். கை நீட்டி ஒரு காசு வாங்காத மனுஷன் என்று அத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த மனுஷன் வாய்தாவுக்குப் போகவே இல்லை. எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததால் கோர்ட்டு மண்டிக்காரர் சொன்னதையே தீர்ப்பாகக் கொடுத்துவிட்டது. காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டு அமீனா வந்து நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். அப்பீலுக்கான கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அமீனா வந்து போன மறுவாரம் அத்தாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

கட்டிலில் கிடந்துகொண்டே, டீக்கடையில் எப்போதோ கேட்ட அந்தப் பின்தெரு வக்கீலின் பெயரைச் சொன்னார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததால் எனக்கு முதலில் புரியவில்லை.

"ஆட்ட வித்துட்டுப் போ. அந்த ஆளு வாங்கினா ஜெயம்."

இரண்டு ஆடுகளை விற்றுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

அவர் நான் சொன்னது முழுவதையும் கேட்டார். கொண்டுபோன காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். நான் முடிச்சை அவிழ்த்துப் பணத்தை மேஜைமேல் வைத்தேன். ஒரு விரலால் அதை என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துகினு போம்மா. இதுல ஒண்ணும் இல்ல."

"ஐயா..."

"அடுத்தவங்கள வரச் சொல்லு."

அவ்வளவுதான். ஒரு ஆறுதல் வார்த்தை கூட இல்லை. வெளியே வந்ததும் வாசலில் நின்றவர்கள், "வாங்கினாரா?" என்று கேட்டார்கள். என் கையிலிருந்த பணத்தைப் பார்த்துவிட்டு அவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். எதிர்ப்பக்கம் கோர்ட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போனால் அத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லும் வாய் என்னிடம் இல்லை. கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

குமாஸ்தா தேடிக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு டம்ளர் டீயை என் பக்கத்தில் வைத்தார்.

"இன்னாம்மா, எந்த ஊரு?"

"புதுப்பட்டினம்."

"எழுந்து வூட்டுக்குப் போம்மா. இங்க இப்படி ஒக்காந்துகினு இருக்காத. எனக்கு பயமா கீது."

எதற்கு பயம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். போன மாதம் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர் வந்தாராம். வக்கீல் அவரிடமும் பணம் வாங்கவில்லை. அவரும் இதே சுவரோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் காலை கொளவாய் ஏரியில் மிதந்தார். துண்டில் முடிந்த பணம் இடுப்பில் அப்படியே இருந்ததாம்.

"நான் சார் கிட்ட கேட்டுட்டன். ஒரு அம்பது ரூபாய வாங்கி வெச்சிகினு, பாக்கலாம் போப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஆளு உசுரோட இருந்திருப்பான்ல சார்னு. அவ்ளோதான், அன்னிலேர்ந்து ஒரு வாரம் என்கிட்ட பேசல. சோறும் சரியா துன்னல."

டீயைக் குடிக்காமலே எழுந்தேன். குமாஸ்தா தடுக்கத் தடுக்க உள்ளே போனேன். வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே பணத்தை மறுபடியும் மேஜைமேல் வைத்தேன்.

"நீங்க கோர்ட்டுக்குப் போவ வேணாம் ஐயா. ஒரு எழுத்து எழுத வேணாம். வாங்கிகினு சும்மா இருங்க. வாங்கினாருன்னு நான் எங்க அத்தா கிட்ட சொல்லணும். அது போதும்."

"என்ன திருடனா இருக்கச் சொல்றியா?" குரல் உயர்ந்தது. "இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படிம்மா காசு வாங்கறது?"

"எங்க அத்தா செத்துப் போயிடுவாரு ஐயா."

"அதுக்கு நான் பொய் சொல்லணுமா? பொய் சொல்ற வக்கீலு ஊர்ல நெறைய பேரு இருக்கான். ஒருத்தன்கிட்டதான் ஏற்கெனவே போயிட்டு வந்துகீறீங்களே!"

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது.

"கொளவாய் ஏரில விழுந்தாரே, அவரு வூட்டுக்காரி கிட்ட போய் சொல்லுங்க, நான் பொய் சொல்ல மாட்டன்னு."

குமாஸ்தா கதவருகே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வக்கீல் என்னையே பார்த்தார். அடிக்க வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். முகம் திடீரென்று வயதாகிப்போன மாதிரி இருந்தது. உட்கார்ந்திருந்தவர்களை வெளியே இருக்கச் சொன்னார்.

"ஒக்காரு" என்றார். "மொதல்லேர்ந்து சொல்லு. உங்க அத்தா எழுதிக் குடுத்தப்போ அந்த மண்ணுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல ஐயா. வெறும் மணலு."

"இப்போ?"

"சவுக்கு."

"யாரு வெச்சது?"

"நானும் அத்தாவும்தான். எங்க வூட்டுக்காரு மவுத்தாயி நான் திரும்பி வந்தப்புறம். சும்மா அழுதுகினு இருக்காத, ஏதாவது செய்யுன்னு சொல்லி அத்தாதான் கன்னு வாங்கியாந்தாரு."

"தண்ணி?"

"நான்தான் குடத்துல தூக்கினேன். ரெண்டு கோடைக்காலம் முழுக்க."

"பாத்தவங்க இருக்காங்களா?"

"ஊரே பாத்துச்சு ஐயா."

எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பி வந்து, மேஜைமேல் இருந்த பணத்திலிருந்து எழுபது ரூபாயை எண்ணி எடுத்தார். மீதியை என்னிடம் தள்ளினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. நெலம் போச்சு. அது அவனோடது. அதுக்கு நான் ஒரு பைசா வாங்கல. மரம் உன்னோடது. மரத்துக்கு மட்டும் வாங்கறேன். வெட்டி எடுத்துக்கறதுக்கு டைம் வாங்கித் தர்றேன். வேற எதுவும் என்னால ஆவாது. இத அப்படியே உங்க அத்தா கிட்ட சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். உண்மையிலேயே சொல்லத்தான் நினைத்தேன்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அத்தா தலையைத் தூக்கினார்.

"வாங்கினாரா?"

"வாங்கினாரு அத்தா. ஆனா..."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அசைகிற ஒரு கையை மேலே தூக்கி அல்லாஹ்வைக் கூப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்துத் தோப்புக்காரரைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்ததும், "வாங்கிட்டாருய்யா, வாங்கிட்டாரு" என்றார். வாரக்கணக்கில் கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்த மனிதர் அன்றைக்கு ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தார். மீதியைச் சொல்லாமலே கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அவர் கஞ்சி குடித்தார்.

கோர்ட்டில் அந்த வக்கீலை நான் அப்போதுதான் பார்த்தேன். கத்த மாட்டார், மேஜையைத் தட்ட மாட்டார். மண்டிக்காரரின் வக்கீல் மண்ணோடு சேர்ந்ததுதான் மரமும் என்று வெகுநேரம் பேசினார். இவர் எழுந்து, பக்கத்துத் தோப்புக்காரரைக் கூண்டில் ஏற்றிச் சில கேள்விகள் கேட்டார். கிரயம் ஆன அன்று அங்கே ஒரு செடியாவது இருந்ததா? யார் நட்டார்கள்? மண்டிக்காரர் ஒரு நாளாவது வந்து வேண்டாம் என்று சொன்னாரா?

"அவரு எங்க சாமி வந்தாரு? இந்தப் பொண்ணுதான் கொதிக்கற மணல்ல குடத்தத் தூக்கிகினு நடக்கும். பாக்க முடியாது."

மரம் எங்களுடையது என்றும், வெட்டி எடுத்த பிறகு மண்ணை ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. கோர்ட்டு வாசலில் நான் அழுதேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "சீக்கிரம் ஆளப் பாத்து வெட்டிடும்மா. டைம் தாண்டினா நான் மறுபடியும் வர மாட்டேன்" என்றார்.

வெட்ட ஆட்கள் வந்தார்கள். கட்டிலில் கிடந்தபடியே அத்தா கோடாரிச் சத்தத்தைக் கேட்டார். கடனுக்காக ஒரு ஓரத்தை மட்டும் வெட்டுவதாக அவராகவே நினைத்துக்கொண்டார். மரம்தானே, மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துப் போனேன்.

மண்டிக்காரரின் ஆட்கள் வந்து தகராறு செய்வதாகக் கேள்விப்பட்டு வக்கீலே ஒருநாள் பஸ் ஏறி வந்துவிட்டார். உத்தரவு நகலை எடுத்துக் காட்டி அவர்களைப் போகச் செய்தார். பிறகு தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் வந்தார். வந்தவர் யார் என்று தெரிந்ததும் அத்தா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வக்கீலின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எம் மண்ணக் காப்பாத்திக் குடுத்தீங்க. உங்க புள்ள குட்டிங்க நல்லா இருக்கணும்."

வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் யாரையும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் சொம்பைக் கீழே வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிடித்த கையை விடவில்லை.

"பாய், மண்ண நான் காப்பாத்தல. அது போயிடுச்சு. நான் வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு. மரத்துக்குத்தான் வாங்கினேன்."

வெளியே ஒரு மரம் சாய்கிற சத்தம் கேட்டது.

"எவ்ளோ வாங்கினீங்க?" என்றார் அத்தா.

"எழுபது."

"மரத்துக்கு அது ஞாயம்தான்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே கிளம்பிய வக்கீலின் பின்னாலேயே வேலிப் படல் வரைக்கும் ஓடினேன். என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. நீ மனுஷனா என்று கேட்டது நினைவிருக்கிறது. உன் வாயில் மண் விழ என்று சொன்னதும் நினைவிருக்கிறது. சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் ஓய்ந்ததும், "அவரு மண்ணும்மா. போனது அவருக்குத் தெரியணும்ல" என்றார். மணலில் செருப்பு புதையப் புதைய ரோட்டை நோக்கி நடந்தார்.

அதற்குப் பிறகு அத்தா கஞ்சி கேட்கவில்லை. கொடுத்தால் ஒரு வாய் வாங்கிக்கொள்வார். யார் மீதும் கோபப்படவில்லை, என்னைக்கூட எதுவும் கேட்கவில்லை. கடைசி லோடு மரம் லாரியில் ஏறுவதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்த மறுவாரம், வீட்டுச் சாவியை அமீனாவிடம் கொடுத்தேன்.

மரம் விற்ற பணத்தில் புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்து நாஸ்தா கடை வைத்தேன். இட்லி, ஆப்பம், வெள்ளிக்கிழமைகளில் பாயா. விடியற்காலை டூட்டிக்குப் போகிறவர்களால் வியாபாரம் நடந்தது. பட்டினி கிடக்கவில்லை. யாரிடமும் கை நீட்டவும் இல்லை. அந்த மனிதர் மேல் இருந்த கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அத்தாவை நினைக்கும்போதெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய முதுகும் கூடவே வரும்.

சில வருஷம் கழித்து, பாத்திரம் வாங்க செங்கல்பட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கறுப்புக் கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. பார்க்காத மாதிரிப் போய்விடத்தான் நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"புதுப்பட்டினம் சவுக்குத் தோப்புப் பொண்ணுதானே? அத்தா எப்படிக் கீறாரு?"

அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மரம் வெட்டி முடியறதுக்குள்ளயே போயிட்டாரு ஐயா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ்கள் வந்தன, போயின. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னிக்கு நான் சொல்லாம வந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாரா?"

இல்லை ஐயா, விதி, உங்களால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதுதான் வழக்கம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"இருந்திருப்பாரு ஐயா" என்றேன்.

"ம்" என்றார். மறுத்துப் பேசவில்லை. காரணம் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது போலிருக்கிறது, வெறுமனே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் வைத்திருந்த கோபத்தை அந்த முகத்தின் மேல் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். சரி, பத்திரமாகப் போ என்றார்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற சதுரங்கப்பட்டினம் பஸ் வந்தது. பாத்திர மூட்டையோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அப்போது கையில் மஞ்சப் பையோடு ஒரு கிழவர் அவர் முன்னால் வந்து நின்று ஏதோ சொல்லத் தொடங்கினார். பைக்குள்ளிருந்து காகிதங்களை எடுத்தார், கூடவே பணத்தையும் எடுத்தார். வக்கீல் பணத்தைக் கையால் தடுத்து வேண்டாம் என்றார். கிழவரின் முகம் அப்படியே தொங்கிப்போனது.

ஆனால் அவர் கிழவரைப் போகச் சொல்லவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். கிழவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்து அழ ஆரம்பித்ததும், வக்கீல் அவர் முதுகில் கையை வைத்தார். எங்கள் பஸ் திரும்புகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை.